ஏவல் வினைகள்

கவிதையும் கல்வெட்டும் இலக்கணமும் பேசப்படும் இடத்தில் கட்டடப் படம் வரையும் மென்பொருளைப் பற்றி எழுத முற்படுவது, கச்சேரி மேடையில் தச்சர் இழைப்புளியோடு ஏறியது போலத் தோன்றலாம். நண்பர்கள் பொறுத்தருள்க. பிடித்த பத்து நாவல்கள், பிடித்த பத்துச் சிறுகதைகள் என்று பட்டியல் கேட்பதும் கொடுப்பதும் இலக்கிய அன்பர்களிடையே ஓயாத வழக்கம். சென்னையில் படவரைவையே பிழைப்பாகக் கொண்டு, வேலை முடிந்தபின் புத்தகம் பேசக் கூடும் எங்கள் நால்வரிடையே அவ்வழக்கம் ஒருமுறை தொழிலின் பக்கம் திரும்பிற்று. ஆட்டோகேட்டில் பிடித்த கட்டளை எது? நாவல் விவாதங்களில்கூட எழாத சூடு அதில் எழுந்தது. அந்தச் சூட்டின் மிச்சமே இக்கட்டுரை.

அம்மென்பொருளை அறியாதோருக்காகச் சில சொற்கள். ஜான் வாக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1982-இல் அமெரிக்காவில் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினர். மைக் ரிடில் என்பவர் அதற்கு முன்பே எழுதியிருந்த இண்டராக்ட் என்னும் வரைவு நிரலே ஆட்டோகேட்டின் கரு. அவ்வாண்டின் இறுதியிலேயே அது விற்பனைக்கு வந்துவிட்டது. திரையில் கோடு வரைவது அப்போது புதுமையன்று, 1963-இலேயே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் தம்முடைய ஸ்கெட்ச்பேட் நிரலில் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டிவிட்டார். ஆனால் அதற்கு ஓர் அறையை அடைக்கும் கணினி தேவைப்பட்டது. மேசைமேல் வைக்கும் சிறு கணினியிலும் வரையலாம் என்றாக்கியதே ஆட்டோகேட்டின் பெருமை.

அக்காலக் கணினிகளில் படவுருக்களை அடுக்கிவைக்க வசதியில்லை. ஆகவே வரைபவர் கணினியோடு பேசியாக வேண்டியிருந்தது. திரையின் அடியில் ஒரு வரி. அதில் 'லைன்' என்று தட்டினால், முதற்புள்ளி எங்கே என்று அது கேட்கும். சொன்னால், அடுத்த புள்ளி எங்கே என்று கேட்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரி அங்கேயே இருக்கிறது. 2009-ஆம் பதிப்பில் ரிப்பன் என்னும் படவுருப் பட்டை தலைமேல் வந்து அமர்ந்தது. புதிதாகப் பயில்வோர் அதில்தான் தேடுகிறார்கள். எங்கள் நால்வரில் ஒருவரும் அதைத் தொடுவதில்லை. இடக்கை விசைப்பலகையில், வலக்கை சுட்டியில். கட்டளைகளுக்கெல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்துச் சுருக்கங்கள் உண்டு. கோட்டுக்கு 'எல்', வட்டத்துக்கு 'சி', நகர்த்த 'எம்'. ஸ்பேஸ் விசையே இங்கு 'என்டர்' ஆகவும் வேலை செய்யும். எதுவும் தட்டாமல் அதை அழுத்தினால் கடைசியாகச் செய்த கட்டளை மீண்டும் வரும். ஆகவே அனுபவமுள்ள படவரைவாளரை அவருடைய விசைப்பலகையைக் கண்டே அறியலாம். மற்ற விசைகளெல்லாம் எழுத்தோடு இருக்க, ஸ்பேஸ் விசை மட்டும் இடது பெருவிரல் படும் இடத்தில் வழவழவென்று தேய்ந்திருக்கும்.

தமிழிலக்கணம் கற்றவருக்கு இக்கட்டளைகள் வேறொரு வகையிலும் இனிக்கும். தமிழில் முன்னிலை ஒருமை ஏவல் என்பது வினைப்பகுதியேதான். நட, வா, வெட்டு, நீட்டு. நன்னூலார் வினைப்பகுதிகளுக்கு எடுத்துக்காட்டு அடுக்கும்போதும் ஏவல் வடிவிலேயே அடுக்குகிறார். ஆங்கிலமும் இந்த ஓரிடத்தில் தமிழைப் போன்றதே. ஆட்டோகேட்டின் கட்டளைத் தொகுதியில் பெரும்பகுதி இவ்வாறு காலம் ஏறாத, பால் ஏறாத, மரியாதை விகுதியும் ஏறாத வெறும் பகுதிகள். வெட்டு. நீட்டு. சுழற்று. உடை. எந்நேரமும் 'சார், சார்' என்று பிறரிடம் பணிந்து பேச வேண்டிய தொழிலில், ஒரு நாளில் ஆயிரம் முறையாவது விகுதியில்லாமல் ஏவும் உரிமை எங்களுக்கு இங்கு மட்டுமே வாய்க்கிறது.

சொல்லொழுங்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டோகேட்டின் பழைய முறையில் முதலில் வினையைச் சொல்ல வேண்டும். எதை என்று அது கேட்டபின் பொருளைக் காட்ட வேண்டும். பின்னாளில், முதலில் பொருளைத் தேர்ந்துவிட்டு வினையை அப்புறம் சொல்லவும் இடமளித்தனர். இதற்கு அம்மென்பொருளார் இட்ட பெயரே 'பெயர்–வினைத் தேர்வு' என்பது. இலக்கண வகுப்பில் வைத்த பெயர் போலிருக்கும். 'கோட்டை அழி' என்னும் பெயர்–வினை முறையே தமிழுக்கு இயல்பானது. ஆயினும் பழகிய கை கேட்பதில்லை. 'அழி' என்று தட்டிவிட்டுத்தான் கோட்டைத் தேடுகிறது. வாய் தமிழில் பேசிக்கொண்டிருக்க, இடக்கை மட்டும் இருபதாண்டுகளாக ஆங்கிலத்தில் சிந்திக்கிறது என்று எங்களில் மூத்தவர் சொல்வார்.

இனிப் பிடித்தவற்றுக்கு வருவோம்.

அதிக வாக்குப் பெற்றது ஆஃப்செட். ஒரு கோட்டுக்கு இணையாக, சொன்ன தொலைவில், சொன்ன பக்கத்தில் இன்னொரு கோடு போடும் கட்டளை. இதற்கா இவ்வளவு அன்பு என்று கேட்கலாம். கட்டடப் படம் என்பதே பெரும்பாலும் இணைகோடுகள்தாம். செங்கற்சுவரின் ஒரு முகத்தை வரைந்து 230 என்று சொல்லித் தள்ளினால் ஒன்பது அங்குலச் சுவர். 115 என்றால் அரைக்கல் தடுப்புச் சுவர். நாற்புறமும் ஒரே அளவு இடம்விட வேண்டிய மனையென்றால், எல்லையை ஒரே தொடர்கோடாக வரைந்து 1500 உள்ளே தள்ளினால் போதும். கட்டடம் எதுவரை எழலாம் என்பது மூலைகள் சிதையாமல் வந்து நிற்கும். வளைசுவரானாலும் கவலையில்லை, வட்டவில்லை உள்ளே தள்ளினால் மையம் மாறாமல் ஆரம் மட்டும் குறையும். வரைபலகையில் மினி டிராஃப்டரை நகர்த்தியும், இரு மூலைமட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று சறுக்கியும் இணைகோடு போட்டவர்களுக்கே இதன் அருமை விளங்கும். மூலைமட்டம் ஒரு மயிரிழை நழுவினாலும் சுவர் ஒருபுறம் பருத்து மறுபுறம் மெலிந்துவிடும்.

இரண்டாவது, ஆரம் சுழியாக வைத்த ஃபில்லெட். ஃபில்லெட் என்பது மூலையை வளைத்து மழுக்கும் கட்டளை. அதன் ஆரத்தைச் சுழி என்று வைத்துவிட்டால், வளைக்க வந்தது கூர்மூலை போடும் கருவியாக மாறிவிடுகிறது. கூட வேண்டிய இரு கோடுகளில் ஒன்று அளவு மீறி ஓடியிருக்கும். மற்றொன்று எட்டாமல் நின்றிருக்கும். இரண்டையும் தொட்டால் ஓடியது வெட்டுப்படும், நின்றது நீளும், மூலை கூடிவிடும். எந்தப் பகுதியைத் தொட்டோமோ அந்தப் பகுதி எஞ்சும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஆக்கியோர் நினைத்த வேலையைவிட நினையாத வேலைக்கே ஒரு கருவி மிகுதியாகப் பயன்படுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்கள் மேசையில் இல்லை.

டிரிம் என்னும் கட்டளையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் பிடிக்கும். 2021-ஆம் பதிப்பில் அதன் பழக்கத்தை மாற்றி, வெட்டும் எல்லையை முதலில் காட்டாமலே வெட்டலாம் என்று ஆக்கியபோது மூத்தவர் இரண்டு நாள் சினந்திருந்தார். பழைய முறைக்குத் திருப்பும் வழி உள்ளேயே இருப்பதை அறிந்தபின் அடங்கினார்.

எங்களில் இளையவருக்குப் பிடித்தது ஊப்ஸ். தமிழில் 'அச்சச்சோ' என்றுதான் பெயர்க்க வேண்டும். ஏவல் வினைகள் வரிசைகட்டி நிற்கும் படையில் வினையும் அன்றிப் பெயரும் அன்றி வந்து நிற்கும் ஒரே இடைச்சொல். அழித்ததை மீட்கும் கட்டளை இது. அதற்குத்தான் 'அன்டூ' இருக்கிறதே என்றால், அன்டூ காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவது. அழித்தபின் செய்த நல்ல வேலைகளையும் சேர்த்தே அழித்துக்கொண்டு திரும்பிப் போகும். ஊப்ஸ் அப்படியன்று. கடைசியாக அழித்தவற்றை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடையில் செய்ததைத் தொடாமல் விட்டுவிடும். வாழ்க்கையிலும் இப்படியொரு கட்டளை இருந்தால் என்று தொடங்கும் வேதாந்தத்தை இளையவர் தொடங்குவதற்குமுன் நாங்கள் தேநீர் வரவழைத்துவிடுவோம்.

எழுதிக்கொண்டிருக்கும் எங்களுக்கு நெடுங்காலம் உவப்பானதாக இருந்தது ஸ்ட்ரெட்ச். இதற்கு வலமிருந்து இடமாக ஒரு சட்டம் இழுத்துப் பொருள்களைத் தேர வேண்டும். சட்டத்துக்குள் முழுவதுமாக அகப்பட்டவை இடம் பெயரும். சட்டத்தின் ஓரம் குறுக்கே வெட்டிச்செல்பவை நீளும். 3,000 மில்லிமீட்டர் அகலமுள்ள படுக்கையறையை 3,300 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கச் சுவரையும் அதிலுள்ள சன்னலையும் சட்டத்துக்குள் அடைத்து 300 இழுத்தால், சுவரும் சன்னலும் அப்படியே நகர, மேற்சுவரும் கீழ்ச்சுவரும் ரப்பர்போல நீள்கின்றன. அறையின்மேல் எழுதியிருந்த 3000 என்னும் எண், யாரும் தொடாமலே 3300 ஆகிறது. முதன்முதலில் இதைக் கண்ட நாளில், படம் உயிரோடிருக்கிறது என்று தோன்றிற்று. அந்த எண் எழுதப்பட்டதன்று, அளக்கப்பட்டது. இந்த வேறுபாட்டில்தான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

டிரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் வரைந்த காலத்தில், நூற்றுக்கொன்று என்னும் அளவில் ஒரு படம் போட்டால், 0.5 மில்லிமீட்டர் முனையால் இழுத்த கோட்டின் தடிமனே கட்டடத்தில் 50 மில்லிமீட்டர். கோட்டின் எந்த விளிம்பிலிருந்து அளப்பது? தாள் ஈரத்தில் விரியும். அம்மோனியாப் பிரதி எடுக்கையில் இன்னும் கொஞ்சம் மாறும். பிழையை பிளேடால் சுரண்டித் திருத்திய இடத்தில் கோடு தடித்துப்போகும். ஆகவே கோட்டை யாரும் நம்புவதில்லை, எண்ணையே நம்பினார்கள். படத்தின் ஓரத்தில் எழுதப்பட்ட முதற்குறிப்பே இதுதான்: படத்தை அளந்து வேலை செய்யக் கூடாது, எழுதிய அளவுகளையே பின்பற்ற வேண்டும். கோடு ஒரு சாடை, எண்ணே சட்டம்.

கணினியில் இந்த உறவு தலைகீழாயிற்று. ஆட்டோகேட்டில் நூற்றுக்கொன்று என்று சுருக்கி வரைவதில்லை. மூன்று மீட்டர்ச் சுவரை மூன்று மீட்டராகவே வரைகிறோம். சுருக்குவது தாளில் அச்சிடும்போது மட்டும். கோட்டுக்குத் தடிமன் என்பது அச்சுக்காக ஏற்றிக்கொள்ளும் வேடம். உள்ளே அது இரு புள்ளிகள் மட்டுமே; அப்புள்ளிகள் கட்டடத்துக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு நுட்பமாகப் பதிந்திருக்கின்றன. அளவெண் அந்தக் கோட்டை அளந்து சொல்லும் சாட்சி. அதாவது கோடே சட்டம்; எண் அதை ஓதுகிறது.

ஆனால் சாட்சியின் வாயில் வேறு சொல்லைத் திணிக்கவும் வழி இருக்கிறது. அளவெண்ணை இருமுறை சொடுக்கி, உள்ளிருப்பதை நீக்கிவிட்டு, வேண்டிய எண்ணைத் தட்டலாம். கோடு அசையாது; எண் மட்டும் மாறும். மாறிய எண்ணுக்கு நிறவேறுபாடு இல்லை, அடையாளம் இல்லை. அச்சிட்ட தாளில் உண்மை எண்ணும் தட்டிய எண்ணும் இரட்டைப் பிள்ளைகள். இது தவறான நோக்கத்தோடு வைத்த வசதியன்று. மிக நீண்ட ஒன்றை நடுவில் முறித்துக் குறுக்கி வரையும்போது மெய்யான நீளத்தை எழுதித்தான் ஆக வேண்டும். அத்தகைய எண்ணின் அடியில் ஒரு கோடு இட வேண்டும், அளவுக்கு வரையப்படாதது என்பதை அக்கோடே அறிவிக்கும் என்பது படவரைவுப் பாடத்தில் கற்பிக்கப்படும் மரபு. பலகைக் காலத்தில் அடிக்கோடு இடாமல் எண் மாற்றினால் மூத்தவர் கையிலிருந்த ஸ்கேல் விரற்கணுவில் விழும். கணினியிலும் அடிக்கோடு இடலாம். பத்து நொடி மிச்சம் பிடிப்பவருக்கு அது எங்கே நினைவு வரப்போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு வெளியே ஓர் அடுக்குமாடி எழுந்தது. எந்த இடம், யாருடைய அலுவலகம் என்பன இங்கு வேண்டா. மாடிப்படியை ஒட்டிய இரு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட தூரம் படத்தில் 3,900. படி அகலமாக வேண்டும் என்று உரிமையாளர் கேட்டதால் அது 4,050 ஆக வேண்டியிருந்தது. முறைப்படி செய்வதானால் ஸ்ட்ரெட்ச் போட வேண்டும். போட்டால் அடித்தளப் படம், தூண் படம், உத்திரப் படம், வெட்டுத்தோற்றம் எல்லாவற்றிலும் போட்டு, ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். அரைநாள் வேலை. இரவு பத்து மணிக்குமேல் ஆகிவிட்டது. காலையில் தாள் சைட்டில் இருக்க வேண்டும். எண்ணை மட்டும் மாற்றி அச்சிடு என்று மேலிருந்து சொல் வந்தது. அதுவும் ஓர் ஏவல் வினைதான். வரைந்த பையன் தட்டினான்.

தாள் மேஸ்திரியிடம் போயிற்று. கோப்பு சர்வேயரிடம் போயிற்று. இன்றைய வழக்கப்படி சர்வேயர் தாளைப் பார்ப்பதில்லை. கோப்பைத் திறந்து தூண் மையங்களின் ஆயத்தொலைவுகளை எடுத்து, டோட்டல் ஸ்டேஷன் கருவியில் ஏற்றி, தரையில் ஆணி அடிக்கிறார். கோட்டின் சொற்படி அடித்தார்: 3,900. அந்த ஆணிகளின்படி குழி தோண்டி, பி.சி.சி. போட்டு, அடித்தளக் கான்கிரீட்டும் ஊற்றித் தூண் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. பிளிந்த் உத்திரத்துக்குக் கம்பி வெட்டிய பார்பெண்டர் தாளைப் பார்த்தார். எண்ணின் சொற்படி வெட்டினார்: 4,050. கூண்டு கட்டிக் கொண்டுவந்து வைத்தால் பொருந்தவில்லை. டேப்பைப் பிடித்தால் 150 மில்லிமீட்டர், ஏறத்தாழ அரையடி, காணவில்லை.

அடுத்த சில நாள்கள் சைட்டில் நடந்தது விவாதம் என்று சொல்ல முடியாது. தாளில் போட்டிருக்கிறது என்றார் ஒருவர். கோப்பில் இருக்கிறது என்றார் மற்றவர். படத்தை அளக்காதே, எழுதியதைப் பின்பற்று என்ற குறிப்பை மேஸ்திரி விரல்வைத்துக் காட்டினார். அவர் பலகைக் காலத்து நீதியின்படி முற்றிலும் சரி. சர்வேயர் கணினிக் காலத்து நீதியின்படி முற்றிலும் சரி. இரண்டு நீதிகளும் ஒரே தாளில், ஒன்றையொன்று அறியாமல் குடியிருந்தன. படங்களை ஒப்பிட்டுப் பார்க்க வெளியாள் வேண்டும் என்று எங்களை அழைத்தபோது, எங்களுக்கு ஒரு நிமிட வேலைதான் இருந்தது. டிஸ்ட் என்று தட்டி இரு தூண் மையங்களையும் தொட்டால் கோட்டின் தொலைவு: 3,900. அளவெண்ணைத் தேர்ந்து பண்புப் பலகையைத் திறந்தால், அளந்தது என்ற வரியில் 3,900, மேலெழுதியது என்ற வரியில் 4,050. ஒப்புதல் வாக்குமூலம் போல் இரண்டும் அடுத்தடுத்து நின்றன.

இரு தூண்களின் அடித்தளத்தை உடைத்து மீண்டும் போட்டார்கள். உடைத்தெடுத்த கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. படத்தின் ஓரத்தில் 'வரைந்தவர்' என்னும் கட்டத்தில் அந்தப் பையனின் தலைப்பெழுத்துகள் இருந்தன. 'சரிபார்த்தவர்' என்னும் கட்டம் காலியாக இருந்தது. வேலை போனது கட்டம் நிரம்பியிருந்தவனுக்கு. ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு படவரைவு படித்துவிட்டு வந்த பையன். சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். பத்து மணிக்குச் சொன்னவர் எந்தக் கட்டத்திலும் இல்லை. சொல்லுக்கு ஆட்டோகேட்டில் பதிவு கிடையாது.

அதன்பின் எங்கள் விருப்பப் பட்டியல் மாறிவிட்டது. வரையும் கட்டளைகளைவிடக் கேட்கும் கட்டளைகள்மேல் அன்பு கூடிற்று. டிஸ்ட் தூரம் சொல்லும். ஐடி ஒரு புள்ளியின் இருப்பிடம் சொல்லும். லிஸ்ட் ஒரு பொருளைப் பற்றிக் கோப்பு அறிந்ததையெல்லாம் ஒப்பிக்கும். இவை ஒரு கோட்டையும் போடுவதில்லை, ஒன்றையும் மாற்றுவதில்லை. ரிப்பனில் இவற்றைத் தேடி யாரும் போவதுமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டிம்ரீஅசாக் என்று வாயில் நுழையாத பெயர் கொண்டது. எக்ஸ்பிரஸ் டூல்ஸ் என்னும் துணைத்தொகுதியில் மூலையில் கிடப்பது. (டிம்ரீஅசோசியேட் என்று ஏறத்தாழ அதே பெயரில் வேறொரு கட்டளை உண்டு, அதன் வேலை வேறு. பெயர் வைத்தவரிடம் தொல்காப்பியம் ஒரு படி கொடுத்திருக்கலாம்.) அளவெண்களைத் தேர்ந்து இக்கட்டளையை இட்டால், மேலே தட்டிய எண்களெல்லாம் உதிர்ந்து, கோட்டின் மெய்யான அளவுகள் மீண்டும் வந்து அமரும். புதிதாக வந்த ஒரு கோப்பில் இதை முதன்முதலில் இடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அசையாமல் இருக்கும் எண்கள் நல்ல எண்கள். சில இடங்களில் மட்டும் 1200 என்பது 1187 ஆகத் துள்ளும், 900 என்பது 915 ஆகத் துள்ளும். அந்தத் துள்ளல்களை எண்ணினாலே அனுப்பிய அலுவலகத்தின் குணம் தெரிந்துவிடும்.

மூத்தவர் இதை ஏற்கவில்லை. நியாயமாக மேலெழுதியவையும் இதில் சேர்ந்து அழிகின்றனவே, அடிக்கோடிட்டு நேர்மையாகச் சொன்னவனுக்கும் அதே தண்டனையா என்றார். சரியான கேள்வி. அதற்கு விடையாக அவரே ஒன்று செய்தார். ஆட்டோகேட்டுக்குள் 1986 முதல் ஆட்டோலிஸ்ப் என்றொரு நிரல்மொழி இருக்கிறது. புதுக் கட்டளைகளை நாமே அதில் ஆக்கிக்கொள்ளலாம். ஒவ்வோர் அளவுக்குறியின் தரவிலும் மேலெழுத்துக்கென்று ஓர் அறை உண்டு. அது வெறுமையாக இருந்தால் எண் அளக்கப்பட்டது. நிரம்பியிருந்தால் யாரோ எழுதியது. சிறியது, பெரியது என்னும் இரு கணிதக் குறிகளைச் சேர்த்து அவ்வறையில் இட்டிருந்தால், 'இவ்விடத்தில் மெய்யளவைப் போடு' என்று பொருள். மூத்தவரின் நிரல் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்குமேல் போகாது. கோப்பிலுள்ள அளவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அறை நிரம்பியதா, நிரம்பியிருந்தால் அதில் அந்த இரட்டைக் குறி உண்டா என்று பார்த்து, இல்லாதவற்றை மட்டும் சிவப்பாக்கும். எதையும் திருத்தாது, அழிக்காது. சிவப்பைக் கண்டபின் ஒவ்வொன்றாக விசாரித்துத் தீர்ப்பு வழங்குவது மனிதர் வேலை. கட்டளைக்கு அவர் வைத்த பெயர் 'பொய்'. ஆங்கில விசைகளில் மூன்றெழுத்து, ஸ்பேஸ். இப்போது எங்கள் நால்வருக்கும் பிடித்த கட்டளை எது என்ற கேள்விக்கு விவாதமே இல்லை. ஊப்ஸ் கட்சியும் இதில் சேர்ந்துவிட்டது. ஏவலும் அன்று, வினையும் அன்று, வெறும் பெயர்ச்சொல், பரவாயில்லை.

இது ஆட்டோகேட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. 2016 முதல் ஆட்டோகேட்டின் நிரந்தர உரிமம் புதிதாக விற்கப்படுவதில்லை. சந்தா கட்ட வேண்டும். எங்களைப் போன்ற சிறு அலுவலகங்கள் பலவும் விலை குறைந்த வேறு மென்பொருள்களுக்குப் பெயர்ந்திருக்கின்றன. அவற்றிலும் இதே கட்டளைகள், பெரும்பாலும் இதே சுருக்கெழுத்துகள். பிரிக்ஸ்கேடில் ஆட்டோலிஸ்ப் நிரல்களும் பெரும்பாலும் அப்படியே ஓடும். மொழி ஒன்று பிறந்த வீட்டைவிட்டு வெளியே வந்து ஊரார் வாயில் வழங்கத் தொடங்கியபின், அது பிறந்த வீட்டாருக்கு மட்டும் சொந்தமில்லை.

அந்தப் பையன் வளைகுடாவில் ஒரு நாட்டில் நல்ல வேலையில் இருப்பதாகக் கேள்வி. மூத்தவர் தம் நிரலை ஒரு நண்பர்வழி அவனுக்கு அனுப்பிவைத்தார். பதில் வரவில்லை, வரவேண்டும் என்று அனுப்பவுமில்லை.

எங்கள் படங்களின் ஓரத்திலிருந்த பழைய குறிப்பையும் மாற்றிவிட்டோம். எழுதிய அளவையே பின்பற்றுக என்று இருந்த இடத்தில், எழுதிய எண்ணும் கோப்பிலுள்ள கோடும் வேறுபட்டால் வேலையை நிறுத்திவிட்டு அழைக்கவும் என்று எழுதி, கீழே அலுவலகத் தொலைபேசி எண்ணையும் சரிபார்த்தவரின் பெயரையும் முழுதாகப் போடுகிறோம். தலைப்பெழுத்துகள் மட்டும் போதா என்பது மூத்தவரின் ஆணை. அழைப்புகள் வருகின்றன. பெரும்பாலும் கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்பவை.